வீட்டுக் காவலுக்கு எந்தத் தோட்டா?



சென்ற மாதப் பேச்சில் வீட்டுப் பூட்டு, வாசல் விளக்கு, கண்காணிப்புக் கமெரா என்பவற்றைப் பற்றிக் கதைத்தோம். நிகழ்ச்சி முடிந்த பின் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிப்பேர் பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணை, வீட்டிலை ஒரு சொட்கன் வாங்கி வைச்சிருக்கிறம். அதுக்கு எந்தத் தோட்டா போடுறது?" என்றுதான் கேட்டார்கள். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வேலைத்தளத்து நண்பர் இன்னொன்று சொல்கிறார், பெட்டியில் அச்சடித்திருப்பது மூன்றாவதாக ஒன்று. பத்து நிமிட வானொலிப் பேச்சில் இதற்குப் பதில் சொல்லி முடியாது. எனவேதான் இந்த மாத மடலில் எழுத்தில் தருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் அமெரிக்காவுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காலத்தில் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். பின்னர் வார இறுதி நாட்களில் சுடுதிடலில் புதியவர்களுக்குப் பாதுகாப்பு முறைகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். நான் துவக்கும் விற்பதில்லை, தோட்டாவும் விற்பதில்லை. துவக்கு வாங்குங்கள் என்றோ, வாங்க வேண்டாம் என்றோ சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாங்கிவிட்ட குடும்பங்கள் பல இருக்கின்றன. அந்த வீடுகளில் பிள்ளைகளும் வயதான அம்மம்மாமாரும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படும் சட்டம் அமெரிக்காவின் சட்டம். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து இந்த மடலை வாசிக்கும் உறவுகள் கடைசிப் பகுதியையும் தவறாமல் வாசிக்கவும்.

முதலில், தோட்டா வைத்திருக்க உங்களுக்கு அனுமதி உண்டா?

துவக்குக்குத்தான் சட்டம், தோட்டாவை யாரும் வாங்கலாம் என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. துவக்கு வைத்திருக்கத் தடை உள்ளவர் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்க முடியாது என்றுதான் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. மேசை லாச்சியில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் வழக்குக்குப் போதும்.

குடியுரிமை பெற்றவர், நிரந்தர வதிவிட அட்டை உள்ளவர், அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர், புகலிடம் வழங்கப்பட்டவர் ஆகியோருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் குடிவரவு நிலை காரணமாகத் தடையில்லை. சட்டபூர்வ வதிவிடம் இல்லாதவருக்குத் தடை உண்டு. மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விலக்குகளைத் தவிரத் தடைதான். புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் இருப்பவர்கள் குடிவரவுச் சட்டத்தரணியிடம் எழுத்தில் ஆலோசனை பெறாமல் துவக்கையோ தோட்டாவையோ தொடவே வேண்டாம். சுடுதிடலில் ஒருவருடைய துவக்கை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூட "வைத்திருத்தல்" என்ற கணக்கில் வரலாம். குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கும், அத்தகைய நீதிமன்றத் தடையுத்தரவின் கீழ் இருப்பவருக்கும் குடியுரிமை இருந்தாலும் தடை உண்டு.

குடியுரிமை இல்லாத எவரும் மறக்கக் கூடாத விடயம் ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட பின் துவக்கு தொடர்பான குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றால், அதுவே நாடுகடத்தலுக்குக் காரணமாகும் என்று குடிவரவுச் சட்டத்தில் தனிப்பிரிவு இருக்கிறது. குடிமகன் ஒருவருக்குத் தண்டப்பணத்தோடு முடிகிற தவறு, நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவருக்கு இந்த நாட்டு வாழ்க்கையையே முடித்துவிடலாம். எங்கிருந்து உயிர் தப்பி வந்தோமோ அங்கேயே திருப்பி அனுப்பும் விமானத்துக்கு ஒரு பெட்டி தோட்டா வழிகாட்டக் கூடாது.

இன்னொன்று. கடையில் 4473 என்ற படிவம் நிரப்பும்போது உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்பார்கள். வாங்க முடியாத மச்சானுக்காக நீங்கள் கையெழுத்து வைத்து வாங்குவது குற்றம். 2022ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது.

மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலே வருகின்றன. நியூ ஜேர்சியில் சொட்கன் வாங்க அடையாள அட்டை எடுக்க வேண்டும். இல்லினோயில் தோட்டா வாங்குவதற்கும் மாநிலத்தின் துவக்கு உரிமையாளர் அட்டை தேவை. உங்கள் மாநிலத்தில் என்ன நடைமுறை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

"பன்னிரண்டு போர்" என்பது என்ன கணக்கு?

வன்னியிலும் கிழக்கிலும் தோட்டம் வயல் செய்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. இங்கே "போர்" என்பதற்குப் பதிலாக "கேஜ்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுவே 12 போர் குழலின் உள்விட்டம். அது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். இருபது உருண்டைகளாக உருட்டினால் 20 போர், அதாவது 15.6 மில்லிமீற்றர். அதனால் இலக்கம் கூடக் கூடக் குழல் சிறிதாகும். .410 என்பது மட்டும் விதிவிலக்கு. அது அங்குலத்தில் சொல்லப்படும் நேரடி விட்டம்.

குழலின் பக்கத்தில் இரண்டு விடயங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று போர் அளவு, மற்றது தோட்டாவின் நீளம். 2¾ அங்குலம் என்று பொறித்த துவக்கில் 3 அங்குலத் தோட்டா போடக் கூடாது. உள்ளே போவதுபோலத் தோன்றும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். 3 அங்குலத் துவக்கில் 2¾ அங்குலத் தோட்டாவைப் போடலாம்.

வீட்டில் 12 போரும் 20 போரும் இரண்டும் இருந்தால் தோட்டாக்களை ஒரே அலுமாரியில் கலந்து வைக்க வேண்டாம். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கி நிற்கும். வெறுமையாக இருக்கிறதே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துக் கைவிரல்கள் போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் 20 போர் தோட்டாவின் உறையை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மஞ்சள் தோட்டாவைக் கண்டால் ஒருமுறை நின்று பாருங்கள்.

உறைக்குள் என்ன இருக்கிறது?

கடைத் தட்டில் நூறு பெட்டி இருந்தாலும் வகை மூன்றுதான்.

முதலாவது பேர்ட்சொட் எனப்படும் சிறுசன்னம். பறவை, முயல், களிமண் தட்டு சுடுவதற்கானது. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. 17இலிருந்து சன்னத்தின் இலக்கத்தைக் கழித்து நூறால் பிரித்தால் விட்டம் அங்குலத்தில் வரும். 8ஆம் இலக்கம் என்றால் 17இல் 8 போக 9, அதாவது 0.09 அங்குலம். கடுகைவிடச் சற்றுப் பெரிது. ஓர் அவுன்ஸில் இப்படி ஏறக்குறைய 410 சன்னங்கள் இருக்கும்.

இரண்டாவது பக்சொட் எனப்படும் பெருஞ்சன்னம். மான், பன்றி போன்றவற்றுக்கானது. இதில் அதிகம் விற்பது "டபுள் ஓட்", அதாவது 00. ஒவ்வொரு சன்னமும் 8.4 மில்லிமீற்றர் விட்டமும் 3.5 கிராம் எடையும் கொண்டது. 2¾ அங்குல 12 போர் தோட்டாவில் வழமையாக 9 சன்னங்கள், சிலவற்றில் 8. ஊரிலே பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா என்று சொன்னார்களே, அது ஏறக்குறைய இந்தப் பருமன்தான். இதற்கு அடுத்தபடி 1ஆம் இலக்கப் பக்சொட்: 7.6 மில்லிமீற்றர், ஒன்று 2.6 கிராம். அதற்கும் சிறியது 4ஆம் இலக்கப் பக்சொட்: 6.1 மில்லிமீற்றர், ஒரு தோட்டாவில் 27 சன்னங்கள். 4ஆம் இலக்கப் பேர்ட்சொட் என்றும் ஒன்று இருக்கிறது. அது 3.3 மில்லிமீற்றர்தான். பெட்டியில் "4" என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் முற்றிலும் வேறு பொருள் வீட்டுக்கு வரும்.

மூன்றாவது ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டு. ஏறக்குறைய 28 கிராம் ஈயம் ஒரே துண்டாகப் போகும். திறந்த வெளியில் மானுக்கோ கரடிக்கோ உகந்தது.

பன்னிரண்டு அங்குலக் கணக்கு

1986இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எவ்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டு ஐவர் காயமடைந்தார்கள். அதிகாரி ஒருவர் சுட்ட குண்டு எதிராளியின் உடலுக்குள் போயும் இதயத்தை எட்டுவதற்கு முன்னர் நின்றுவிட்டது. அவர் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தார். அதன் பின்னர்தான் எவ்.பி.ஐ. ஓர் அளவுகோலை ஏற்படுத்தியது. ஜெலற்றின் எனப்படும் பரிசோதனைக் கட்டியில் சுட்டால், குண்டு குறைந்தது 12 அங்குலமும் கூடியது 18 அங்குலமும் உள்ளே போக வேண்டும். குறைந்தால் ஆபத்தை நிறுத்தாது. கூடினால் ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவரில் படும்.

இந்த அளவுகோலில் எங்கள் மூன்று வகைகளையும் வைத்துப் பார்ப்போம்.

பேர்ட்சொட்டின் சிறிய இலக்கங்கள் பெரும்பாலும் 6 அங்குலத்துக்குள் நின்றுவிடும். பார்ப்பதற்குக் கொடூரமான மேற்காயம் வரும். ஆனால் தடித்த குளிர்ச்சட்டை போட்ட ஒருவரை அது நிறுத்தும் என்று நம்ப முடியாது. "சுவரைத் துளைக்காது, அதனால் வீட்டுக்கு நல்லது" என்று இதைத்தான் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அதற்கு அடுத்த பகுதியில் வருகிறேன்.

4ஆம் இலக்கப் பக்சொட் 12 அங்குல எல்லையில் நிற்கிறது. சில தோட்டாவில் தொடும், சிலவற்றில் சற்றுக் குறையும். 1ஆம் இலக்கப் பக்சொட் 12க்கும் 18க்கும் இடையே வசதியாக நிற்கிறது. 00 பக்சொட் 12 அங்குலத்தை எளிதில் தாண்டும், 18ஐத் தாண்டுவதும் உண்டு. ஸ்லக் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை.

சுவர் என்று நாங்கள் நினைப்பது சுவரல்ல

ஊரில் எங்கள் வீடுகள் கல்வீடு. செல் துண்டு பட்டாலும் தாங்கிய சுவர்கள் அவை. அந்த நினைவிலேயே இங்குள்ள சுவரையும் பார்க்கிறோம். அமெரிக்க வீட்டின் உட்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம், மறுபக்கம் இன்னோர் அரை அங்குலப் பலகை. இடையிடையே மரச்சட்டம். ஆணி அடிக்கச் சுத்தியல்கூடத் தேவைப்படாத சுவர்.

00 பக்சொட் இப்படியான சுவர்கள் பலவற்றை அடுத்தடுத்துத் துளைத்துப் போகும். 1ஆம் இலக்கமும் 4ஆம் இலக்கமும் துளைக்கும். பேர்ட்சொட்கூட மிக அருகிலிருந்து சுட்டால் ஒரு சுவரைத் துளைத்து அடுத்த அறையில் இருப்பவரைக் காயப்படுத்தக்கூடும். ஒருவரை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும் ஜிப்சம் பலகையையும் துளைக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு மந்திரத் தோட்டா கிடையாது. "சுவரைத் துளைக்காத தோட்டா" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நேயர் கேட்டதற்கிணங்க அவரது வீட்டுக்குப் போனேன். இரண்டு மாடி வரிசை வீடு. அவர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், அவருடைய அம்மா. கடைக்காரர் 3 அங்குல 00 மக்னம் தோட்டா கொடுத்திருந்தார். அது சரியா என்பதுதான் அவர் கேள்வி. நான் தோட்டாவைப் பார்க்கவில்லை, ஒரு தாளும் பென்சிலும் அளவு நாடாவும் கேட்டேன். மேல்மாடியை வரைந்தோம். அவருடைய அறை வாசலிலிருந்து படிக்கட்டு வரை 16 அடி. படிக்கட்டுக்கு நேரே பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தையின் தொட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். இடப்பக்கம் பிள்ளைகளின் அறை. கீழே படிக்கட்டின் அடியில் அம்மாவின் கட்டில். அவர் எந்தப் பக்கம் திரும்பிச் சுட்டாலும், கோட்டின் முடிவில் ஒரு கட்டில் இருந்தது.

அவர் சிறிது நேரம் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா இரவிலை நித்திரையில்லாமல் எழும்பி நடக்கிறவ, கதவு பூட்டியிருக்கோ எண்டு பாக்கிறவ" என்றார். போர்க்காலத்தைக் கடந்து வந்த எங்கள் பெரியவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. நள்ளிரவில் இருட்டில் நடமாடும் உருவம் திருடனாக இருப்பதைவிட அம்மாவாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம்.

அன்றைக்கு முடிவு செய்தது இதுதான். அம்மாவின் அறையை மேல்மாடிக்கு மாற்றினார்கள். ஏதாவது நடந்தால் எல்லோரும் தாய் தகப்பனின் அறைக்குள் வந்து கதவைப் பூட்டி 911ஐ அழைப்பது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அறை வாசலில் இருந்து கீழ்நோக்கிப் பார்த்தால், படியடியில் கொங்கிறீற்று அத்திவாரச் சுவர் வரும். சன்னத்தைத் தாங்கக்கூடிய ஒரே திசை அது. படிக்கட்டில் அசைவு கண்டால் எரியும் விளக்கு ஒன்றையும் பொருத்தினார்கள். தோட்டாவையும் மாற்றினார்கள்தான். ஆனால் கட்டிலை மாற்றியதில் கிடைத்த பாதுகாப்பு எந்தத் தோட்டாவிலும் கிடைக்காது.

நீங்களும் உங்கள் வீட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எல்லாத் திசையிலும் கட்டில்தான் வருகிறது என்றால், அந்த வீட்டுக்கு நல்ல பூட்டும் கனமான அறைக்கதவும்தான் சரியான காவல்.

நான் சொல்லும் தெரிவு

இவ்வளவையும் யோசித்த பின்னரும் வைத்திருக்க முடிவு செய்தவர்களுக்கு:

12 போர் என்றால் 2¾ அங்குலத்தில் 1ஆம் இலக்கப் பக்சொட், அல்லது பின்னுதை குறைக்கப்பட்ட 00 பக்சொட். சாதாரண 00 செக்கனுக்கு ஏறக்குறைய 400 மீற்றர் வேகத்தில் போகும். பின்னுதை குறைந்தது 350 மீற்றர் அளவில் போகும். வீட்டுத் தூரத்துக்கு அது போதும். தோளில் அடி குறைவு, இரண்டாவது முறை குறிபார்ப்பதும் சுலபம். மக்னம் தோட்டா வீட்டுக்குத் தேவையில்லை.

உடல்வாகு சிறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் 20 போர் நல்லது. அதில் 3ஆம் இலக்கப் பக்சொட் கிடைக்கும். 6.4 மில்லிமீற்றர் சன்னம், வழமையாக 20.

1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் பல துவக்குகளில் சிக்கிக்கொள்ளும். இறப்பர்க் குண்டும் மணற்பையும் "உயிர் போகாது" என்ற நம்பிக்கையில் வாங்கப்படுகின்றன. ஆனால் அருகிலிருந்து சுட்டால் அவையும் கொல்லும். நீதிமன்றத்தின் முன் துவக்கால் சுட்டது சுட்டதுதான்.

வாங்கிய தோட்டாவைப் பெட்டியோடு வைத்துவிட வேண்டாம். சுடுதிடலுக்குக் கொண்டுபோய், உங்கள் வீட்டில் ஆகக்கூடிய நீளம் எவ்வளவோ அந்தத் தூரத்தில் வெறும் தாளில் சுட்டுப் பாருங்கள். சினிமாவில் வருவதுபோலச் சன்னம் அறை முழுக்க விசிறாது. ஐந்து மீற்றரில் அநேகமாக ஒரு சாண் அகலத்துக்குள் எல்லாச் சன்னமும் விழும். சில தோட்டாக்களில் ஓர் உள்ளங்கைக்குள் விழும். ஆகவே குறிபார்க்காமல் சுடலாம் என்பது பொய். 9 சன்னம் போனால் தாளில் 9 துளைகள் இருக்க வேண்டும். எட்டுத்தான் இருக்கிறது என்றால் ஒன்பதாவது உங்கள் வீட்டில் எந்த அறைக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள். தானாகத் தோட்டா ஏற்றும் துவக்கு என்றால் பின்னுதை குறைந்த தோட்டாவில் அது சரியாக இயங்குகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பழகுவதற்கு மலிவான 8ஆம் இலக்கப் பேர்ட்சொட் போதும். காதுக் காப்பு கட்டாயம். 140 டெசிபலே காதைப் பழுதாக்கும், சொட்கன் சத்தம் அதற்கும் மேல்.

பூட்டும் பிள்ளைகளும்

2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துவக்கால் இறந்தவர்கள் 48,830 பேர் என்று நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். திருடனை நினைத்து வாங்கும் துவக்கு, வீட்டுக்குள் மனம் உடைந்திருக்கும் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எங்கள் சமூகத்தில் இழப்புகளைச் சுமந்துகொண்டு வாய் திறந்து சொல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் யாராவது அப்படி இருந்தால் துவக்கையும் தோட்டாவையும் வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். அந்த நேரத்தில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் 988 என்ற இலக்கத்தை இரவும் பகலும் அழைக்கலாம்.

மற்ற வீடுகளிலும் துவக்கு பூட்டியே இருக்க வேண்டும். சாவி உள்ள அலுமாரி போதாது. சாவி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இலக்கம் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டகம் நல்லது. தோட்டாக்களை ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் தனியாகப் பூட்டி வையுங்கள். மசாசுசெற்சில் துவக்கைப் பூட்டி வைப்பது சட்டம். மிச்சிகனில் 18 வயதுக்குட்பட்டவர் எடுக்கக்கூடிய வீடுகளில் பூட்ட வேண்டும் என்ற சட்டம் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே மாநிலத்தில் ஒக்ஸ்போர்ட் என்ற ஊரின் பாடசாலையில் 2021இல் 15 வயது மாணவன் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். 2024இல் அவனுடைய தாய்க்கும் தகப்பனுக்கும் தலா குறைந்தது 10 வருடச் சிறை விதிக்கப்பட்டது.

இரவில் கதவு தட்டினால்

இரவில் கதவு தட்டும் சத்தத்துக்கு எங்கள் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பதை இந்த நாட்டவருக்கு விளங்கப்படுத்த முடியாது. அந்த நெஞ்சடிப்போடு துவக்கைத் தூக்கக் கூடாது என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

1992 ஒக்டோபரில் லூசியானா மாநிலம் பற்றன் ரூஜ் நகரில், விருந்து வீட்டைத் தேடி வந்த 16 வயது ஜப்பானிய மாணவன் வீடு மாறி வந்துவிட்டான். வீட்டுக்காரர் துவக்கை நீட்டி ஆங்கிலத்தில் "அசையாதே" என்றார். பையன் நிற்கவில்லை. சுடப்பட்டு இறந்தான். குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். ஆனால் 1994இல் சிவில் வழக்கில் பெற்றோருக்கு 6 இலட்சம் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

2013 நவம்பரில் மிச்சிகன் மாநிலம் டியர்போர்ன் ஹைற்ஸில், வாகன விபத்துக்குப் பின் அதிகாலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய 19 வயதுப் பெண்ணை வீட்டுக்காரர் 12 போர் சொட்கன்னால் சுட்டுக் கொன்றார். பயந்துவிட்டேன் என்றார். நடுவர் குழு ஏற்கவில்லை. 2014இல் கொலைக்குற்றவாளியாகக் காணப்பட்டு குறைந்தது 17 வருடச் சிறை.

தன் வீட்டுக்குள் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை அமெரிக்கச் சட்டம் பெரிதும் மதிக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். ஆனால் உயிராபத்து வருகிறது என்று நியாயமான ஒருவர் நம்பக்கூடிய சூழ்நிலை இருந்ததா என்பதே எல்லா இடத்திலும் அடிப்படைக் கேள்வி. பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் உள்ளே வந்தவர் அல்ல. ஆகவே கதவைத் திறக்காமல் 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லுங்கள். பல நிலையங்களில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டு விலாசத்தை முதலில் சொல்லுங்கள். வீட்டில் துவக்கு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பொலிஸார் வந்ததும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டியபடி நில்லுங்கள். துவக்கோடு வாசலில் நிற்கும் உங்களைத் திருடன் என்று அவர்கள் நினைத்தால் விளக்கம் சொல்ல நேரமிராது.

எல்லை கடக்கும் உறவுகளுக்கு

கலியாணம், சாமத்தியவீடு என்று ரொறன்ரோவுக்குக் காரில் போகாத குடும்பம் எங்களில் குறைவு. சுடுதிடலுக்குப் போய்வந்த காரின் பின்பெட்டியில் ஒரு தோட்டா உருண்டு கிடந்தால் பீஸ் பிறிட்ஜ் எல்லையில் கலியாணம் மறந்துபோகும். தோட்டாவை அறிவிக்காமல் கனடாவுக்குள் கொண்டுபோவது குற்றம். புறப்படும் முன் பின்பெட்டியையும், பைகளையும், குளிர்ச்சட்டைப் பைகளையும் தட்டிப் பாருங்கள்.

கனடாவில் சொட்கன்னுக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். துவக்கை வெறுமையாக, பூட்டியே வைக்க வேண்டும். தோட்டாவை உடனே எட்டும் இடத்தில் துவக்கோடு திறந்து வைக்க முடியாது. இங்கிலாந்தில் பொலிஸ் சான்றிதழ் தேவை. வீட்டுக் காவல் என்ற காரணத்தை அங்கே ஏற்கமாட்டார்கள். ஆகவே இந்தக் கட்டுரையின் தோட்டாத் தெரிவை அங்கே கொண்டுபோக வேண்டாம். கட்டிலையும் விளக்கையும் பூட்டையும் பற்றிச் சொன்னவை எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

அடுத்த மாதப் பேச்சில் வெளிக்கதவின் நிலையையும் பூட்டுத் தகட்டையும் நீண்ட திருகாணி போட்டுப் பலப்படுத்துவது எப்படி என்று பார்ப்போம். அதற்கிடையில் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டை வரைந்து, யார் எங்கே படுக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். கேள்விகள் இருந்தால் வழமைபோல நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள்.